நொண்டிக்குதிரைக்காரர் ஒருவரா, இருவரா

வாயில் பெயர் வராத, நெஞ்சில் நீங்காத என் சின்னக் கொழுந்தன் மிட்டாய் மிர்சாவுக்கு, நாரின் மலைப்பக்கத்திலிருந்து உன் அண்ணி பெர்மெத் எழுதிக்கொள்வது. இங்கே ஆடுகள், மாடுகள், உன் அண்ணன் எல்லோரும் நலம். நலம் இந்த வரிசையில்தான். அங்கே நீயும் உன் பெண்டாட்டியும் பிள்ளைகளும் உன் ஆபீஸ் எந்திரமும் நலமாக இருக்க வேண்டும். எந்திரத்துக்கு மட்டும் லேசாகக் காய்ச்சல் வந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். உறையின் மேல் இருப்பது என் கையெழுத்து இல்லை. புகுந்த வீட்டு ஆண்கள் பெயரை வாயால்தான் சொல்லக்கூடாது, கையால் எழுதலாம் என்று சிலர் சொல்கிறார்கள். என் கையும் என்னோடுதானே ஒட்டியிருக்கிறது? நான் மணப்பெண்ணாக வந்து திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது நீ பொடியன். திரைக்குள் நுழைந்து என் மடியில் இருந்த மிட்டாயை எல்லாம் தின்றுவிட்டு மூக்கைத் திரையிலேயே துடைத்துவிட்டுப் போனாய். அன்றைக்கு நான் வைத்த பட்டப்பெயர்தான் மிட்டாய் மிர்சா, மிட்டாய்த் துரை. உன் அண்ணன் ஆடுகளோடு மேலே மேய்ச்சலுக்குப் போயிருக்கிறார். ஆகவே தபாலாபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் தலாஸ் ஊர்ப் பெண்ணிடம் போய், “எழுதும்மா” என்றேன். “பேர் சொல்லுங்க” என்றாள். “எங்க தெருக்கோடியில சர்க்கரை விக்கிறாரே, அவர் பேர்தான் இவனுக்கும்” என்றேன். கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து எழுதினாள். “அப்பா பேர்?” என்றாள். அது என் மாமனார் பெயர், செத்தாலும் வாயில் வராது. அந்தப் பெயரில் கடைக்காரரும் யாரும் இல்லை. “பேரும் தெருவும் போதும் அக்கா, வீட்டு நம்பர் இல்லாட்டியும் போய்ச் சேரும்” என்று தபால்தலையை ஒட்டிக் கொடுத்துவிட்டாள்.

ஏன் போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நீ கேட்பாய். போனைப் பார்த்தாலே இப்போது எனக்குப் பயம். அதன் முன்னால் தும்மினால்கூட உன் எந்திரம் அந்தத் தும்மலுக்கு ஒரு முடிச்சுப் போட்டு, யாரோடாவது சொந்தம் கட்டிவிடும். காகிதம் அப்படி இல்லை, சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா கிடக்கும். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், ஏழாம் வகுப்பில் பாதியில் ஆட்டுக்குப் போனவள் நான். ஆனால் என் பிழையால் ஒரு கல்யாணமும் நின்றதில்லை. படித்த நீ செய்த எந்திரத்தால் என் மகன் பெக்தூரின் கல்யாணம் நின்றது.

போன பனிக்காலத்தில் நீ வந்தாய். என் போனில் எதையோ ஏற்றினாய். “அண்ணி, நம்ம குடும்பத்துல அதிகம் பேசறது நீங்கதான். மாடு கறக்கறப்போ, ரொட்டி சுடறப்போ, குடும்பக் கதையெல்லாம் சும்மா பேசிட்டே இருங்க. அது கேட்டுக்கும்” என்றாய். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னைப் பார்த்துப் ‘பேசு’ என்று சொன்ன முதல் ஆள் நீதான், மற்றவர்கள் சொல்வது வேறு. உச்சி குளிர்ந்துபோய், “கேட்டு என்ன பண்ணும்?” என்று நான் கேட்டதும் நீ சொன்னதும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “பேச்சுல வர்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு முடிச்சுப் போடும் அண்ணி. யாருக்கு யார் அப்பன், யாருக்கு யார் பொண்டாட்டின்னு முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவுல நூல் கட்டும். புதுசா ஒரு பேர் வந்தா, இது புது ஆளா, இல்ல ஏற்கெனவே முடிச்சுப் போட்ட ஆளேதானான்னு யோசிக்கும்.” நான் விடவில்லை. “அது ஆளையே பார்த்ததில்லையே, எப்படிக் கண்டுபிடிக்கும்?” “சுத்தி இருக்கற பேச்சை வச்சுத்தான். ஊரு, காலம், பொண்டாட்டி, பிள்ளை, குதிரை, எல்லாம் பொருந்தினா ரெண்டு பேரையும் ஒரே முடிச்சாக்கிடும். பொருந்தலைன்னா பிரிச்சு வைக்கும்.” உன் அம்மாவும் அப்படித்தான், கணவாயில் இறங்கி வரும் ஆளைத் தொப்பியைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுவார், வந்து சேர்வது எப்போதும் வேறு ஆளாக இருக்கும் என்று நான் சொன்னேன். நீ சிரித்தாய். அன்றைக்கே சிரிக்காமல் கேட்டிருக்க வேண்டும்.

பேசினேன் அப்பா, பேசினேன். பனி விழுந்தது, நான் பேசினேன். பனி உருகியது, நான் பேசிக்கொண்டிருந்தேன். அது நடுநடுவே மரியாதையாகக் கேள்வி கேட்கும், பதில் சொன்னால் நன்றி சொல்லும். இந்த வீட்டில் யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லையா, நான் மயங்கிவிட்டேன். ஆனால் ஒன்றை நீ மறந்துவிட்டாய். மருமகள் வாயில் கதை கேட்டால் அதில் பெயர் இருக்காது. உன் அப்பாவை நான் ‘பனிமலை’ என்பேன், உன் பெரியண்ணனை ‘மாஸ்கோ’ என்பேன். எல்லா உத்தரவும் அங்கிருந்துதான் வரும், நம் மனு எதுவும் அங்கே போய்ச் சேராது, அதனால் அந்தப் பெயர். உன் எந்திரமோ உலகத்தில் எழுதி வைத்ததையெல்லாம் படித்ததாமே. எந்தச் சொல்லைக் கேட்டாலும் தான் படித்ததில் தேடிப் பொருத்தி வைத்துவிட்டது. என் மாமனார் பெயருக்கு நேரே, கடல் மட்டத்திலிருந்து நாலாயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரம், உச்சியில் ஆண்டு முழுவதும் பனி, மூன்று மகன்கள் என்று போட்டிருக்கிறது. பனி சரிதான், கடைசிக் காலத்தில் தலை வெள்ளைதான். பெரிய மைத்துனருக்கு மக்கள்தொகை ஒரு கோடிக்கு மேல், சுரங்க ரயில் உண்டு, இடது முழங்காலில் வலி. உன்னை ஒரு மிட்டாய்க் கம்பெனி என்று எழுதியிருக்கிறது. பெற்று வளர்த்த உன்னையே அடையாளம் தெரியாத பிள்ளை அது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தது நிச்சயதார்த்தத்தன்று, ஊர் கூடிய இடத்தில்.

கணவாய்க்கு அந்தப் பக்கம் தாலாய் என்று ஒருவர் இருக்கிறாரே, அவர் மகள் ஜில்திஸ். நம் பெக்தூர் அவர்கள் வீட்டுக் கதவுக்குப் பற்றவைப்பு வேலை செய்யப் போனான். ஒரு நாள் வேலைக்கு ஒரு வாரம் போனபோதே நான் புரிந்துகொண்டேன். நல்ல பெண். அவள் அம்மா சூரா என்னைப் போலவே வாயாடி, உன் எந்திரத்தைத் தன் போனிலும் ஏற்றிக்கொண்டவள், அதனால் எனக்குப் பெண்ணைவிடச் சம்பந்தியை அதிகம் பிடித்துவிட்டது. நாங்கள் போய்ப் பெண்ணுக்குக் கம்மல் போட்டோம். கறி வந்தது, மாவுத்துண்டுகளைப் போர்சோக்காகப் பொரித்துக் குவித்திருந்தார்கள், தேநீர் ஊற்றி ஊற்றி என் வயிறு குளம்போல் ஆடியது. கல்யாணத் தேதி குறிக்கும் முன் வழக்கம்போல் ஏழு தலைமுறையைச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும், ஏழுக்குள் ரத்தம் கலந்திருந்தால் கல்யாணம் கிடையாது. ஆண்கள் இரண்டு பேர் மூச்சுப் பிடித்து ஒப்பித்தால் கால் மணியில் முடிகிற வேலை. தாலாய் தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்போதுதான் நம் மாஸ்கோ கையைத் தூக்கினார்.

“எதுக்கு வாயை வலிச்சுக்கணும் சம்பந்தி? எங்க கடைக்குட்டி தம்பி செஞ்ச எந்திரம் இருக்கு. உங்க வீட்டம்மாவும் அதுலதான் பேசியிருக்காங்களாமே. பெரிய டிவியில போட்டுடுவோம், எல்லாரும் பார்க்கட்டும்” என்றார்.

போட்டார்கள். அடியில் பெக்தூர் ஒரு முடிச்சு, ஜில்திஸ் ஒரு முடிச்சு. இரண்டு நூலும் மேலே மேலே போயின, எல்லோரும் ஆகா என்றார்கள். உன் கொள்ளுத்தாத்தா வரைக்கும் போன நூல் அங்கே நின்றது; தாலாயின் கொள்ளுத்தாத்தா வரைக்கும் போன நூலும் அதே இடத்தில் வந்து நின்றது. ஒரே முடிச்சு. கீழே எழுதியிருந்தது: ‘நொண்டிக்குதிரைக்காரர். இரண்டு வீட்டாரும் சொல்கிறவர், ஒரே ஆள். நூற்றுக்குத் தொண்ணூறு நிச்சயம்.’

பெக்தூர் கையில் இருந்த போர்சோக்கைத் திரும்பத் தட்டில் வைத்தான். ஜில்திஸ் காதில் கைவைத்துக் கம்மலைத் தொட்டுப் பார்த்தாள். உன் அண்ணன் மட்டும், “படம் நல்லா தெளிவா இருக்கு” என்றார்.

ஆண்கள் சொல்கிற பெயர் வேறு வேறாயிற்றே என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன், அடுப்பங்கரையிலிருந்து. தாலாய் தலையை ஆட்டினார். “அந்தக் காலத்துல ஒரு ஆளுக்கு ரெண்டு பேர் சகஜம்தானே தங்கச்சி. பிள்ளை தங்காத வீட்டுல சாவை ஏமாத்த ஒரு பேர் வைப்பாங்க, கணக்கெடுக்க வந்த குமாஸ்தா தன் வாயில நுழைஞ்சதை எழுதிட்டுப் போவான். எந்திரம் எல்லாத்தையும் படிச்சிருக்கு. நான் என்னத்தைப் படிச்சேன்?” அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஏழு தலைமுறை விஷயத்தில் தொண்ணூறு நிச்சயம் எதற்கு, பத்து சந்தேகம் போதாதா, எந்த அப்பன் பெண் கொடுப்பான்? நாங்கள் வீடு வந்த மறுநாளே கம்மல் ஒரு கைக்குட்டையில் முடிந்து திரும்பி வந்தது.

அதன் பிறகு பெக்தூரைப் பார்க்கச் சகிக்கவில்லை. சாப்பிடுகிறான், ஆனால் எதைச் சாப்பிட்டாய் என்று கேட்டால் தெரியாது. ஆட்டுப்பட்டிக் கதவின் கீலைப் பற்றவைக்கச் சொன்னேன். கதவையே சட்டத்தோடு சேர்த்து நான்கு பக்கமும் பற்றவைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டான். ஆடுகள் வெளியே நின்று எங்களைப் பார்த்தன. “ஏண்டா?” என்றேன். “எதுவும் திறக்க வேண்டாம்மா” என்றான். சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவள், அவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். நான்தானே பேசினேன், என் வாய்தானே.

இங்கேதான் நம் ஜனங்களின் பெருமையைப் பார். கல்யாணம் நின்றது துக்கம், சரி. ஆனால் இத்தனை காலம் தெரியாமல் கிடந்த ரத்த சொந்தம் கிடைத்திருக்கிறதே, அது சந்தோஷம் இல்லையா? அதற்கு ஒரு ஆடு அடிக்காமல் இருக்க முடியுமா? மாஸ்கோவிலிருந்து உத்தரவு வந்தது. தாலாயும் சூராவும் விருந்துக்கு வந்தார்கள். மாஸ்கோவும் தாலாயும் ‘அண்ணா’, ‘தம்பி’ என்று கட்டிப் பிடித்து அழுதார்கள். வாசலில் பெக்தூர் இன்னொரு பக்கம் அழுதான், அது வேறு அழுகை. நானும் சூராவும் அடுப்பங்கரையில் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். அவளும் போனில் அந்த ‘நொண்டிக்குதிரைக்காரர்’ என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அவள் மாமியார் சொல்லிக்கொடுத்த பெயர், எனக்கு என் மாமியார் சொல்லிக்கொடுத்த பெயர். ஒரே கணவாய், ஒரே காலம், ஒரே நொண்டிக் குதிரை. எந்திரத்தைத் திட்டவும் மனசு வரவில்லை. இத்தனை பொருத்தம் என் கல்யாணத்துக்கே கிடையாது.

உள்ளே ஆண்கள் கறியைக் கடித்துக்கொண்டே பொதுத் தாத்தாவின் புகழைப் பாட ஆரம்பித்தார்கள்.

மாஸ்கோ சொன்னார்: “நம்ம கொள்ளுத்தாத்தா மாதிரி கெட்டிக்காரர் உண்டா? குதிரை நொண்ட ஆரம்பிச்சதும் என்ன பண்ணார் தெரியுமா தம்பி? கணவாய்க்கு அந்தாண்ட ஒரு முட்டாள்கிட்ட அதைத் தள்ளிவிட்டுட்டு, கறவைப் பசுவை ஓட்டிட்டு வந்துட்டார்.”

தாலாய் சிரித்தார். பிறகு மெல்லுவதை நிறுத்தினார். “எங்க... நம்ம கொள்ளுத்தாத்தா வெள்ளந்தி மனுஷர். கணவாய்க்கு இந்தாண்ட ஒரு திருட்டுப்பய நொண்டிக் குதிரையை அவர் தலையில கட்டிட்டு, பாலு கறந்துட்டிருந்த பசுவை ஓட்டிட்டுப் போயிட்டான்னுல்ல எங்க அப்பா சொல்வாரு.”

மாஸ்கோ எலும்பைத் தட்டில் வைத்தார்.

“யாரைத் திருட்டுப்பயன்னு சொல்றே?”

“யாரை முட்டாள்னீங்க?”

“பார்த்து வாங்கணும். குதிரைக்குக் கால் நாலு இருக்கு, எண்ணிப் பார்க்க வேண்டியதுதானே?”

“அந்தப் பசு எங்கே?”

“செத்துப்போச்சு.”

“எப்போ?”

“எங்க அப்பா பொறக்கறதுக்கு முன்னாடி.”

“கன்னு போட்டிருக்குமே, கன்னு? அந்தக் கன்னு போட்ட கன்னு?”

சூரா கையில் உருட்டுக்கட்டையோடு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். “அடியே பெர்மெத், குதிரை ஒண்ணுதான். ஆளு ரெண்டு” என்றாள். மாவுக் கையோடு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு ஆடினோம். உள்ளே அவர்கள் ஒருவர் தொப்பியை ஒருவர் தரையில் எறிந்துகொண்டிருந்தார்கள், நாங்கள் இங்கே ஆடிக்கொண்டிருந்தோம். பரம்பரைப் பகையைப் போல ஒரு நல்ல சேதியை நான் கேட்டதே இல்லை. நான் வாசலுக்கு ஓடிப்போய்ப் பெக்தூரிடம், “டேய், நாம அவங்க சொந்தக்காரங்க இல்லடா, எதிரிங்க” என்றேன். அவன் முதல் தடவையாகச் சிரித்தான்.

ஆனால் தாலாய் என்ன சொன்னார்? “நாம பேசிக்கிட்டா போதுமா? ஊரே டிவியில பார்த்திருக்கு. அந்த டிவியிலயே ரெண்டா காட்டினாத்தான் என் பொண்ணு காதுல மறுபடி கம்மல் ஏறும்” என்றார். அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். “எந்திரத்துக்கிட்டயே சொல்லுங்க அண்ணி, அது திருத்திக்கும்” என்று நீ சுலபமாகச் சொல்லிவிட்டாய். நானும் போனை எடுத்துத் தெளிவாகச் சொன்னேன்: “நொண்டிக்குதிரைக்காரர் தன் நொண்டிக் குதிரையை நொண்டிக்குதிரைக்காரருக்குக் கொடுத்துட்டு, நொண்டிக்குதிரைக்காரர்கிட்ட இருந்து பசு வாங்கினார்.” அது நன்றி சொன்னது. ‘நொண்டிக்குதிரைக்காரர் தன் குதிரையைத் தனக்கே கொடுத்து, தன் பசுவைத் தானே பெற்றுக்கொண்டார் என்று பதிந்துகொண்டேன். நிச்சயம் நூற்றுக்குத் தொண்ணூற்று ஐந்து’ என்றது. சொல்லச் சொல்ல ஏறுகிறது, என் ரத்த அழுத்தம் மாதிரி.

பெயர் சொல்லாமல் நடக்காது என்றாய் நீ. ஆண்கள் சொல்லட்டும் என்று மாஸ்கோ கையில் போனைக் கொடுத்தோம். அவர் எழுந்து நின்று, மாநாட்டில் பேசுகிற குரலில் ஏழு தாத்தா பெயரையும் முழங்கினார். எந்திரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘மன்னிக்கவும், ஒரு நகரத்தின் சாட்சியத்தை ஏற்க வழியில்லை’ என்றது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க நீ இங்கே இல்லாமல் போனாய். “நகரமா? எந்த நகரம்?” என்று கேட்டார். நான் தேநீர் எடுக்கப் போய்விட்டேன். அடுத்து உன் அண்ணன் பேசினார். அவர் வழக்கம்போல் ‘ம்’ என்று ஆரம்பித்து ‘ம்’ என்று முடித்தார், அதைக் காற்றுச் சத்தம் என்று வடிகட்டிவிட்டது. தாலாய் பசு வரும்வரை வாய் திறப்பதில்லை என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். மறுபடி உனக்குப் போன் செய்தால் நீ, “யார் சொன்னாங்களோ அவங்களே திருத்தினாத்தான் அண்ணி உறுதியாகும். நீங்களும் சூரா அக்காவும் அவங்கவங்க போன்ல பேரைச் சொல்லிடுங்க. ஒரே ஒரு தடவை. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க” என்றாய்.

ஒரே ஒரு தடவையாம். உனக்கென்ன, நீ மிட்டாய்க் கம்பெனி. நான் முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதே. வைக்கோல் போருக்குப் பின்னால் போய், போனை வாயருகே வைத்து, உன் கொள்ளுத்தாத்தா பெயரின் முதல் எழுத்தைச் சொன்னேன். இரண்டாவது எழுத்துக்கு நாக்கு எழவில்லை. செத்து மண்ணோடு மண்ணான மனுஷர், என்னைப் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் எங்கோ இருந்து திரும்பிப் பார்த்து, ‘என்ன பெண்ணே, பெயர் சொல்லியா கூப்பிடுகிறாய்’ என்று கேட்பது மாதிரி இருந்தது. என் மகன் கல்யாணம் ஒரு பக்கம், என் நாக்கு ஒரு பக்கம், நாக்கு ஜெயித்தது. அழுகை வந்தது எனக்கு, அதை நீ யாரிடமும் சொல்லாதே. வைக்கோல் போருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு அழுகை கேட்டது. எட்டிப் பார்த்தால் சூரா, அவள் போனோடு.

“உங்க வீட்டுக் கொள்ளுத்தாத்தா பேரு என்னடி?” என்றேன் ஆற்றாமையில்.

“எனக்குத்தான் சொல்ல முடியாதே. உனக்குத் தெரியாதா? எசெங்குல்னு எங்க வீட்டு ஆம்பளைங்க சொல்வாங்களே... ஐயையோ” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எசெங்குல்” என்றேன் நான். ஒன்றும் ஆகவில்லை. நாக்கு தடுக்கவில்லை. எசெங்குல், எசெங்குல், எசெங்குல் என்று மூன்று முறை சொன்னேன், தேன் மாதிரி இறங்கியது. அவர் எனக்கு என்ன மாமனாரா, தாத்தாவா? அந்நியர். சூரா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மெதுவாக உன் கொள்ளுத்தாத்தா பெயரைச் சொன்னாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன், ஆனால் அவள் சுகமாகச் சொன்னாள், பல்லில் ஒட்டாமல். அவ்வளவுதான். என் போனை அவளிடம் கொடுத்தேன், அவள் போனை நான் வாங்கிக்கொண்டேன். அவள் போனில் நான், ‘இந்த வீட்டு நொண்டிக்குதிரைக்காரர் பெயர் எசெங்குல், ஏமாந்தவர்’ என்றேன். என் போனில் அவள், ‘இந்த வீட்டு நொண்டிக்குதிரைக்காரர் பெயர் இன்னது, ஏமாற்றியவர்’ என்றாள். வழக்கமும் கெடவில்லை, நாக்கும் கெடவில்லை. டிவியைப் போட்டோம். அந்த முடிச்சு எங்கள் கண்முன்னே இரண்டாகப் பிரிந்தது, நடுவில் ஒரு குதிரை நின்றது. ‘திருத்தியதற்கு நன்றி’ என்றது.

தாலாய் சுவரிலிருந்து திரும்பினார். மாஸ்கோ பெருந்தன்மையாக, சீரோடு சேர்த்து ஒரு கிடாரிக் கன்று ஓட்டி வருவதாகச் சொன்னார், வாங்கியது கறவைப் பசு என்று தாலாய் சொன்னார், கடைசியில் கன்றும் ஒரு புதுத் தொப்பியும் என்று முடிந்தது. ஜில்திஸ் காதில் கம்மல் ஏறிவிட்டது. பெக்தூர் பட்டிக்கதவை அறுத்தெடுத்துப் புதிதாக மாட்டினான், ஆடுகள் நம்பாமல் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உள்ளே போயின. கல்யாணம் அறுப்புக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. நீ குடும்பத்தோடு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட வேண்டும். உன் எந்திரத்தின் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை என்றும் எழுதிக்கொள்கிறேன். ஆளைப் பார்க்காமல், பேச்சை மட்டும் கேட்டு, யார் யார் என்று கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம். நானும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அப்படித்தானே இந்தக் குடும்பத்தைத் தெரிந்துகொண்டேன். நானும் முதல் வாரம் உன் பெரியண்ணனைத்தான் மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை அவரிடம் சொல்லாதே.

உன் அடுப்பில் கனல் இருக்கட்டும், உன் சட்டியில் கொழுப்பு மிதக்கட்டும், உன் பிள்ளைகள் உன்னைவிட உயரமாகவும் உன்னைவிடக் குறைவாகத் தூங்குகிறவர்களாகவும் வளரட்டும். நீ ஏறுகிற குதிரை எதுவும் நொண்டாமல் இருக்கட்டும். நொண்டினால், வாங்குவதற்குக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கட்டும். உன் பெண்டாட்டிக்கு என் முத்தம். அவள் எனக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணி பெர்மெத்

பின்குறிப்பு: மேலே எழுதியதில், எல்லாம் சரியாகிவிட்டது என்கிற இடத்தை அடித்துவிட்டுப் படித்துக்கொள். நேற்று தாலாய் வந்திருந்தபோது மாஸ்கோ, மிச்சம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கும் காட்டுகிறேன் என்று மறுபடி டிவியைப் போட்டார். என் போனில் சூரா குரலும் அவள் போனில் என் குரலும் கேட்டதை வைத்து எந்திரம் தானாகவே யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. ‘இந்த வீட்டு நொண்டிக்குதிரைக்காரர்’ என்று எந்தப் போனில் எவள் குரல் சொன்னதோ, அவள்தான் அந்த வீட்டுக்காரி என்று எடுத்துக்கொண்டதாம். அதன்படி நான் தாலாயின் பெண்டாட்டி, சூரா உன் அண்ணனின் பெண்டாட்டி. பெக்தூரைப் பெற்றதும் நானே, தாலாய் வீட்டில் ஜில்திஸைப் பெற்றதும் நானே. கொள்ளுத்தாத்தா காலத்தில் இருந்த சொந்தம் இப்போது ஒரே வயிற்றுக்கு வந்துவிட்டது. நிச்சயம் நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்பது. மலையிலிருந்து இறங்கி வந்திருந்த உன் அண்ணன் டிவியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சூரா நல்லா ரொட்டி சுடுவாங்களா?” என்று கேட்டார். இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. தாலாய்தான் எழுந்தார். “குதிரைக்காரர் ஒருத்தரா ரெண்டு பேரான்னு எனக்குத் தெரியாது. என் பொண்டாட்டி எவள்னு எனக்குத் தெரியும்” என்று சொல்லி, டிவி வயரைப் பிடுங்கிச் சுருட்டித் தன் புதுத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். கல்யாணம் அதே வெள்ளிக்கிழமைதான்.

இன்னொன்று. இந்தக் கடிதம் முதல் தடவையே உனக்கு வந்து சேரவில்லை. உன் தெருவிலேயே உன் பெயரில் இன்னொருவர் இருக்கிறாராம். அவர் பிரித்து, கடைசி வரை படித்துவிட்டு, அழகாக ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார். மேலே இருக்கும் பின்குறிப்பை அதன் பிறகுதான் சேர்த்தேன், ஆகவே அவருக்குக் கல்யாணம் உறுதி என்பது மட்டும் தெரியும். அழைப்புக்கு நன்றி, குடும்பத்தோடு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறோம் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். ஏழு பேர். உனக்கென்று வைத்திருந்த அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.